கணுக்கால் பிசகி வீங்கினால் வீட்டிலேயே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாமா? எவ்வளவு நேரம்?

கொடுக்கலாம். எங்கள் வீட்டில் அதற்கு முதலில் ஆச்சியைச் சம்மதிக்க வைக்க வேண்டியிருந்தது.

போன ஆடியில் குறுக்குத்துறை படித்துறையில் பாசி வழுக்கி இடது கணுக்கால் பிசகிவிட்டது. நான் வீடு வந்து சேர்ந்த கொஞ்ச நேரத்தில் ஆச்சி புளியையும் உப்பையும் கரைத்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். "ஐஸ வச்சா ரத்தம் உறைஞ்சு போவும்ல, சுடச்சுடப் பத்துப் போட்டாத்தான் கேக்கும்" என்பது அவள் கட்சி. கல்லூரி நாட்களில் இதே கால் பிசகியபோது அப்படித்தான் செய்தோம். போதாததற்கு எண்ணெய் போட்டு உருவியும் விட்டார்கள். மறுநாள் கால் பனம்பழம் மாதிரி ஆகியிருந்தது.

பிசகியவுடன் உள்ளே சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கிழிந்து கசியும். சூடு குழாயை விரிக்கும், குளிர் சுருக்கும். நரம்பும் மரத்துப் போவதால் வலி குறையும். அதனால் முதல் 48 மணி நேரம் குளிர்தான். ஆச்சியின் பத்து வீக்கம் வடிந்த பிறகு, இறுக்கம் மட்டும் மிச்சமிருக்கும்போது இதமாக இருக்கும். இப்படிச் சொன்னதும், "அப்ப நாளான்னைக்குப் போடுதேன்" என்று சட்டியை இறக்கினாள்.

ஐஸை அப்படியே தோலில் வைக்காதீர்கள். ஃப்ரீசரில் குளிர் மைனஸ் 18 டிகிரி வரை இருக்கும்; அதிலிருந்து எடுத்த கட்டி தோலைப் புண்ணாக்கிவிடும். அதை உடைத்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டு ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றினால், ஐஸ் கரைந்து முடிகிறவரை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும், எலும்பு வளைவிலும் நன்றாகப் படியும். உப்பு மட்டும் சேர்க்க வேண்டாம், குளிர் 0-க்கும் கீழே போய்விடும். கவரை மெல்லிய துண்டில் சுற்றி 15 நிமிடம், மிஞ்சினால் 20 நிமிடம். முதலில் சில்லென்று, அப்புறம் எரிச்சல், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மறுபடி வைக்கலாம். வைத்தபடி தூங்கிவிடக் கூடாது. காலைத் தலையணை மேல் நெஞ்சைவிட உயரமாக வையுங்கள்.

அன்று சாயங்காலம் கரண்ட் போய் ஐஸ் தீர்ந்ததும், காருகுறிச்சிப் பானைத் தண்ணீரில் துண்டை நனைத்துப் போட்டு விசிறிக்கொண்டேன். ஐஸ் அளவுக்கு இல்லை, ஆனாலும் சுகமாக இருந்தது.

ஆச்சி பக்கம் பேசவும் ஒரு ஆள் உண்டு. ஓய்வு, ஐஸ், கட்டு, உயரம் என்ற முறையை 1978-ல் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, ஐஸ் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு எழுதினார். அதனால் நான் ஐஸை வலிக்காக முதல் ஒன்றிரண்டு நாள் மட்டுமே வைக்கிறேன். சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களும், குளிரில் விரல் வெளுத்துப் போகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் வைக்க வேண்டாம்.

நாலு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்காலின் இரு பக்கமும் மொட்டு மாதிரி புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பை அழுத்தும்போது வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். கனடாவின் ஒட்டாவாவில் வகுத்த இந்த விதியை இன்றும் டாக்டர்கள் பார்க்கிறார்கள். நான் நொண்டியாவது நடந்துவிட்டேன், எலும்பிலும் வலி இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் காலையில் எழுந்தபோது அடுக்களையிலிருந்து புளி கொதிக்கும் வாசம் வந்தது.