சலுகை என்ற சொல்

கேள்வி: கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்த நோயாளிகளுக்குச் சட்டச் சலுகை தர வேண்டும் என்று சிலர் பேசுகிறார்களே, இது போதைப் பழக்கத்துக்குப் பின்வாசலைத் திறந்துவிடுவது ஆகாதா?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கேள்வியில் 'போதை' என்ற சொல்லைவிடச் 'சலுகை' என்ற சொல்தான் என்னை உறுத்துகிறது. சலுகை என்பது கொடுப்பவர் மனம் இரங்கிக் கொடுப்பது, மனம் மாறினால் நிறுத்திக்கொள்வது. மாற்றுத்திறனாளியின் பேருந்துப் பயணத்தையும் முதியவரின் ஓய்வூதியத்தையும் இச்சொல்லால் குறிப்பதை இப்பக்கத்தில் பல முறை கண்டித்திருக்கிறேன். வலியோடும் வலிப்போடும் போராடுகிறவரின் மருந்துக்கும் அதே சொல் வந்து ஒட்டிக்கொள்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டமே அப்படிச் சொல்லவில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு கஞ்சாவைப் பயிரிடவும் வைத்திருக்கவும் விற்கவும் தடை விதிக்கிறது. அதே பிரிவு, மருத்துவத் தேவைக்கும் அறிவியல் தேவைக்கும் விதிகளுக்கு உட்பட்டு விலக்கும் அளிக்கிறது. அதற்கு முன்பே, 2-ஆவது பிரிவில் உள்ள வரையறைகளுக்கு நடுவே 'மருத்துவக் கஞ்சா' என்ற சொல் இடம்பெற்று, கஞ்சாவிலிருந்து எடுக்கப்படும் சாறும் டிங்சரும் (சாராயத்தில் ஊறவைத்து எடுக்கும் கரைசல்) அதில் அடங்கும் என்ற விளக்கமும் தரப்பட்டிருக்கிறது. 40 ஆண்டுகளுக்கு முன் நாடாளுமன்றம் பெயர் வைத்து எழுதிய ஒன்றை இன்று நோயாளி கேட்கும்போது, அவர் புதிதாக எதையோ யாசிப்பதுபோல் நாம் பேசுகிறோம்.

இச்சட்டத்தின் வரையறை செடியின் பூக்கும் நுனியையும் பிசினையும் பிடிக்கிறது. தனியாக உள்ள இலையை விட்டுவிடுகிறது. அதனால் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசு உரிமம் பெற்ற கடைகளில், இலையை அரைத்துச் செய்யும் பாங்கு விற்கப்படுகிறது. உடல்நலத்தோடு இருக்கும் ஒருவர் ஹோலிப் பண்டிகைக்கு அங்கே போய் வாங்கிக் குடிக்கலாம். ஒரு நாளில் பல முறை வலிப்பு வரும் குழந்தைக்கு, அளவு துல்லியமாகத் தெரிந்த, தூய்மை சோதிக்கப்பட்ட மருந்தை நரம்பியல் மருத்துவர் வழக்கமாக எழுதிக் கொடுக்கும் நிலை இந்த நாட்டில் இன்னும் பரவலாக வரவில்லை. சட்டத்தின் கண்டிப்பு யார்மீது விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் இந்த மருத்துவத்தை மேலை உலகம் கற்றது இந்திய மண்ணில்தான். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய வில்லியம் புரூக் ஓஷானசி என்ற அயர்லாந்து மருத்துவர், 1839-இல் தொடங்கி வெளியிட்ட குறிப்புகளில், நம் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, விலங்குகளிடம் சோதித்து, பிறகு வாதநோய்க்கும் தசை இறுக்கத்துக்கும் கஞ்சா டிங்சரைக் கொடுத்துப் பார்த்ததை விவரிக்கிறார். அவர் கவனித்த நோயாளிகளில் பிறந்து 40 நாளே ஆன, வலிப்பு கண்ட ஒரு பெண் குழந்தையும் உண்டு. 2018-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இச்செடியிலிருந்து பிரித்தெடுத்த கன்னாபிடியாலை, போதை ஏற்றாத அந்தக் கூறை, எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அங்கீகரித்ததும் குழந்தைகளைத் தாக்கும் டிராவே, லெனாக்ஸ்-காஸ்டோ என்ற இரு கடும் வலிப்பு நோய்களுக்காகத்தான். இடையில் ஏறத்தாழ 180 ஆண்டுகள் ஓடிவிட்டன.

இது எல்லா நோயையும் தீர்க்கும் என்று நான் சொல்லவில்லை. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விற்பவர்களை நம்பவே கூடாது. வளரும் வயதினரின் மூளைக்கு டி.எச்.சி. என்ற போதைக் கூறு கேடு செய்யக்கூடியது என்பதையும் மறைக்கக் கூடாது. சில கடும் வலிப்புகள், கீமோதெரபி தரும் குமட்டல், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களின் தசை இறுக்கம் ஆகியவற்றுக்குச் சோதித்த சான்று இருக்கிறது. அந்த அளவுக்காவது கதவு திறக்கட்டும் என்பதே என் கோரிக்கை. 2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவை, மிகக் கடுமையான கட்டுப்பாட்டுக்குரிய பொருள்களின் நான்காம் அட்டவணையிலிருந்து 27-க்கு 25 என்ற வாக்கில் நீக்கியபோது, ஆதரித்து வாக்களித்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

உங்கள் அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. தாய்லாந்து 2022-இல் போதிய விதிகள் இல்லாமல் திறந்துவிட, தெருவுக்குத் தெரு கடைகள் முளைத்தன. 2025-இல் மருத்துவர் சீட்டு கட்டாயம் என்று திரும்ப வேண்டியதாயிற்று. ஆனால் அச்சத்தால் எல்லாவற்றையும் பூட்டினால் என்ன நடக்கும் என்பதையும், அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்பினில் நாம் பார்த்தவர்கள். அபினியை விளைவித்து உலகுக்கு அனுப்பும் இந்த நாட்டில், 1985-க்குப் பிறகு மாநிலத்துக்கு மாநிலம் பல உரிமங்கள் தேவைப்பட்டதால் மருத்துவமனைகள் மார்பின் வைப்பதையே கைவிட்டன. என் அக்கா அந்தக் காலத்தில் எலும்பில் பரவிய புற்றுநோயோடு கடைசி ஐந்து வாரங்களைப் பாராசிட்டமாலோடு கழித்தார்; மருத்துவர் நல்லவர், ஆனால் உரிமம் இல்லை என்றார். பின்னாளில் இப்பக்கத்தில் மார்பினுக்காக எழுதியபோது, போதைக்கு வக்காலத்து வாங்குவதாகக் கடிதங்கள் குவிந்தன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற வகை உருவாகி, மார்பின் உட்பட ஆறு மருந்துகள் நாடு முழுவதற்கும் ஒரே விதிக்குள் வந்தன. கேரளத்தின் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபால் போன்றோர் பல்லாண்டுகள் போராடிப் பெற்றது அது.

அந்த அத்தியாவசிய மருந்து வகைக்குள் மேலும் ஒரு மருந்தைச் சேர்க்கும் அதிகாரம் மத்திய அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. புதிய சட்டம் தேவையில்லை, அறிவிக்கை போதும். மருந்துக் கட்டுப்பாட்டாளரின் ஒப்புதல், பயிற்சி பெற்ற மருத்துவர், கணக்கு வைக்கும் மருத்துவமனை, நோயாளியின் பெயரில் எழுதப்பட்ட சீட்டு ஆகிய நான்கும் அதில் கட்டாயமாக இருக்கட்டும். அந்த விதிகளை எழுதும் குழுவில், இரவெல்லாம் விழித்துக் குழந்தையின் வலிப்புகளை எண்ணிக் குறித்துவைக்கும் ஒரு தாய்க்கும் இடம் வேண்டும் என்று சேர்த்துக் கேட்கிறேன்.