பழைய டிவி கேமா, புது கன்சோலா? 40 ஆயிரத்தில் எதை வாங்குவது?

கேள்வி: நானும் அண்ணனும் தொண்ணூறுகளில் டிவி கேமில் காண்ட்ராவும் மாரியோவும் ஆடி வளர்ந்தவர்கள். என் மகளுக்கு இப்போது 9 வயது. அவளோடு சேர்ந்து ஆட ஏதாவது வாங்க ஆசை. அண்ணன் பிளேஸ்டேஷன் 5 வாங்கச் சொல்கிறார். எனக்கோ, தெரிந்தவர் ஒருவரிடம் விலைக்கு வந்திருக்கும் ஜப்பான் ஒரிஜினல் ஃபேமிகாம் மீது கண். ஆன்லைனில் '620 கேம்ஸ்' பெட்டியும் விற்கிறார்கள். வீட்டில் 43 இன்ச் எல்இடி டிவி இருக்கிறது. அப்பா வீட்டுப் பரணில் பழைய 21 இன்ச் பிக்சர் டியூப் டிவியும் எங்கள் பழைய டிவி கேமும் கிடக்கின்றன. பட்ஜெட் 40 ஆயிரம். எதை வாங்கலாம்? – கரூர் வாசகி

பதில்: நீங்கள் சொன்ன மூன்றையும் விட்டுவிட்டு நான்காவதாக ஒன்றைச் சொல்கிறேன்: கையில் வைத்தும் டிவியில் மாட்டியும் ஆடக்கூடிய நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோல். அதில் 'லைட்' மாடல் வேண்டாம், அதை டிவியில் மாட்ட முடியாது. சாதாரண ஸ்விட்ச் அல்லது ஓஎல்இடி ஸ்விட்ச் வாங்குங்கள். கூடவே பரணில் இருப்பதையும் இறக்கிப் பாருங்கள், அதற்குப் பெரிய செலவில்லை.

பழைய விளையாட்டை ஆட ஆசைப்படுவது ஒன்று, பழைய கருவியையே கையில் பிடித்து ஆட ஆசைப்படுவது இன்னொன்று. முதல் ஆசையைப் புதுக் கருவிகள் நன்றாகவே தீர்த்துவைக்கும். இரண்டாவதற்குக் கருவி மட்டும் போதாது. அதற்கேற்ற டிவி, அடாப்டர், ரிப்பேர் செய்யத் தெரிந்த ஆள் எல்லாம் வேண்டும். உங்கள் கடிதத்தைப் படித்தால் மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பதுதான் முதலில் தெரிகிறது. அதனால் முதல் ஆசைக்குப் பணத்தையும் இரண்டாவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்கச் சொல்வேன்.

ஃபேமிகாம் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட அருமையான கருவி அது. ஆனால் நாம் தொண்ணூறுகளில் ஆடியது பெரும்பாலும் அதை அல்ல. மைக்ரோ ஜீனியஸ் போன்ற பெயர்களில் இங்கே விற்றவை ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். கேசட் மட்டும் அதே 60 பின் அளவு என்பதால் உங்கள் பழைய கேசட்டுகளில் பெரும்பாலானவை ஒரிஜினலிலும் பொருந்தும். ஆனால் நம் ஊர் ஒளிபரப்பு முறையான பால் (PAL) டிவிகளுக்காகச் செய்யப்பட்ட நகல்கள் நொடிக்கு 50 படம் காட்டுபவை, ஜப்பான் ஃபேமிகாம் 60 காட்டும். எனவே விளையாட்டின் வேகமும் பின்னணி இசையின் தாளமும் உங்கள் நினைவில் இருப்பதிலிருந்து சற்றே மாறித் தெரியலாம். உங்கள் சிறுவயதின் கருவி பரணில்தான் இருக்கிறது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபேமிகாமை டிவியில் இணைப்பது. 1983 மாடலில் மஞ்சள்-வெள்ளை ஏவி பின் கிடையாது. ஆன்டெனா வயர் வழியாக, ஜப்பானின் 1 அல்லது 2ஆம் சேனல் அலைவரிசையில்தான் படத்தை அனுப்பும். நம் டிவிகளின் சேனல் வரிசை வேறு என்பதால் எளிதில் பிடிபடாது. பிடிபட்டாலும் ஒலி சரியாக வராது. 1993இல் வந்த பின்னாளைய மாடலில் ஏவி உண்டு, ஆனால் அது அனுப்புவது ஜப்பானின் ஒளிபரப்பு முறையான என்டிஎஸ்சி வண்ணம். பால் மட்டும் தெரிந்த பழைய டிவியில் மாரியோ கறுப்பு வெள்ளையில் ஓடுவார். மின்சாரத்திலும் கவனம் வேண்டும். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரே செருகினால் கருகிவிடும். அதற்குப் பதிலாக ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்இஎஸ்ஸின் அடாப்டரை யாராவது கொடுத்தால் அதுவும் வேண்டாம். அது ஏசி மின்சாரம் தருவது, ஃபேமிகாமுக்கு டிசி வேண்டும். இன்னொன்றும் உண்டு. 1983 மாடலில் இரண்டு கண்ட்ரோலர்களும் கருவியோடு நிரந்தரமாக இணைந்தவை, இரண்டாவதில் ஸ்டார்ட் பட்டனே இல்லை. சேகரிப்பாளருக்கு இவையெல்லாம் ரசிக்கத்தக்க விவரங்கள். ஒன்பது வயதுப் பெண்ணோடு சனிக்கிழமை மாலையில் ஆட நினைப்பவருக்கு இவை வேண்டாத தலைவலி.

சரி, எப்படியோ ஏவி வயர் கிடைத்து எல்இடி டிவியில் மாட்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலக் கருவிகள் 240 வரிகள் கொண்ட முழுப் படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பின. இன்றைய டிவிகளில் பல அதைப் பாதிப் பாதியாக வரும் 480 வரிப் படம் என்று தவறாக எடுத்துக்கொண்டு, இரண்டிரண்டாகச் சேர்த்துக் குழப்பும். அதனால் எழுத்துகள் மங்கும், ஓடும் உருவங்களின் ஓரம் சீப்புப் பல் போலப் பிசிறடிக்கும். அதைவிட மோசம், படத்தைப் பதப்படுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம். இந்தப் பதப்படுத்தலைக் குறைக்கும் 'கேம் மோட்' அமைப்பு இல்லாத டிவிகளில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குகூடக் கழியலாம். மாரியோ பள்ளத்தைத் தாண்ட அந்த இடைவெளி மிக அதிகம். 'சின்ன வயதில் எளிதாகத் தாண்டினேனே, இப்போது ஏன் விழுகிறேன்?' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் விசாரிப்பது டிவியைத்தான். கடையில் கிடைக்கும் மலிவான ஏவி–எச்டிஎம்ஐ மாற்றிகளும் இதே தவறைத்தான் செய்கின்றன. இதைச் சரியாகச் செய்யும் ரெட்ரோடிங்க் போன்ற கருவிகள் உண்டு. ஆனால் அவை உங்கள் பட்ஜெட்டில் பெரும் பங்கைத் தின்றுவிடும்.

பிக்சர் டியூப் டிவியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. வந்த சிக்னலை அந்தக் கணமே திரையில் எழுதிவிடும். அதனால்தான் பரணைப் பாருங்கள் என்றேன். பல வருடம் மின்சாரம் காணாத டிவியை எடுத்தவுடன் போட வேண்டாம். ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் தூசி தட்டி, உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பின்மூடியை நீங்கள் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பிக்சர் டியூபில் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம். டிவி கேமின் அடாப்டர் தொலைந்திருந்தால், கருவியின் அடியில் அல்லது பின்னால் உள்ள வோல்ட் அளவையும், நடுப்பின் பிளஸ்ஸா மைனஸா என்ற குறியையும் பார்த்து அதே வகையை வாங்குங்கள். கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்தோம், ஆனால் எச்சிலின் ஈரம் செம்புத் தகட்டை அரிக்கும். காது குடையும் பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு அந்தத் தகடுகளைத் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

பரணில் உள்ள டிவி கேமோடு வாத்துச் சுடும் துப்பாக்கியும் இருந்தால் உங்கள் மகளுக்குக் கண்டிப்பாகக் காட்டுங்கள், ஏனென்றால் அதைப் புது டிவியில் காட்டவே முடியாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, அடுத்த கணம் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் குழாயில் உள்ள ஒளி உணரி அந்த வெள்ளையைப் பார்த்தால் குறி பட்டது என்று கணக்கு. பிக்சர் டியூப் அந்தக் கட்டத்தை உடனே வரையும், எல்இடி டிவி சற்றுத் தாமதித்துக் காட்டும். அதற்குள் கேசட் 'குறி தவறியது' என்று முடிவு செய்திருக்கும்.

அந்த 620 விளையாட்டுப் பெட்டியை வாங்காதீர்கள். ஒரே விளையாட்டு வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஒலி பல இடங்களில் சிதைந்திருக்கும், பட்டன்கள் சீக்கிரமே தளர்ந்துவிடும். அந்த விளையாட்டுகளை உருவாக்கியவர்களின் அனுமதியும் அதில் இருப்பதில்லை. மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை ஏற்றி விற்கும் சின்னச் சின்னக் கைக்கருவிகளில் சில நல்ல தரத்தில் செய்யப்பட்டவை. ஆனால் கார்டில் இருப்பவை அனுமதியில்லாத பிரதிகளே.

பிளேஸ்டேஷன் 5 நல்ல கருவி, உங்கள் அண்ணன் சொன்னதில் பிழையில்லை. 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990. பிறகு விலை ஏறியிருக்கிறது. இரண்டு பேர் ஆட இன்னொரு கண்ட்ரோலர் வேண்டும், அது அப்போதே 5,990. ஆக உங்கள் பட்ஜெட்டைத் தாண்டிவிடும். பிஎஸ்4 விளையாட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இதில் ஓடும், ஆனால் பழைய பிஎஸ்1, பிஎஸ்2, பிஎஸ்3 டிஸ்குகள் ஓடாது. காண்ட்ரா கிடைக்கும், மாரியோ ஒருபோதும் கிடைக்காது. அது நின்டெண்டோவின் சொத்து, அவர்கள் கருவியை விட்டு வராது. மகள் 13, 14 வயதை எட்டி, பெரிய கதைகள் கொண்ட விளையாட்டுகளைக் கேட்கத் தொடங்கும்போது பிளேஸ்டேஷனை யோசியுங்கள். அப்போதும் டிஸ்க் உள்ள மாடலையே வாங்குங்கள். ஆடி முடித்த டிஸ்கை விற்று இன்னொன்று வாங்கும் பழக்கம் நம் ஊரில் வேரூன்றியது, மாதச் செலவை அதுதான் கட்டுக்குள் வைக்கும். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் விலை குறைவு, ஆனால் அதில் டிஸ்கே போட முடியாது.

ஸ்விட்சுக்கு வருவோம். அதன் இரு பக்கமும் இருக்கும் ஜாய்-கான்களைக் கழற்றினால் ஆளுக்கொன்று, எளிய விளையாட்டுகளுக்கு அதுவே இரண்டு கண்ட்ரோலர். பெட்டியைப் பிரித்த அன்றே இருவரும் ஆடலாம். நின்டெண்டோவின் ஆண்டுச் சந்தாவில், 20 டாலருக்குள் வரும் அடிப்படைத் திட்டமே போதும், சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மூன்று பாகங்களும் கிடைக்கும். அதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி, தவறி விழுந்தால் சில நொடிகள் பின்னால் ஓட்டித் திரும்ப ஆடுவது. மூன்று உயிரும் போய் முதலிலிருந்து தொடங்குவதை நாம் பொறுத்துக்கொண்டோம், இன்றைய ஒன்பது வயதுக்கு அது அலுப்புத் தரும். கோனாமி 2019இல் வெளியிட்ட காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷனைத் தனியாக வாங்குங்கள். நாம் ஆடிய காண்ட்ராவோடு சூப்பர் சி, காண்ட்ரா 3 எல்லாம் அதில் உண்டு. மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ அடித்தால் 30 உயிர் இப்போதும் கிடைக்கும். டாங்கி விளையாட்டு நினைவிருந்தால், அது பேட்டில் சிட்டி. நாம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸ் இரண்டாம் தொகுப்பில் இருக்கிறது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்கவில்லை. சென்னை, கோவைக் கடைகளில் கிடைப்பவை இறக்குமதி, எனவே வாரன்ட்டி என்பது கடைக்காரரின் வாக்குறுதிதான். ஆன்லைன் கடையில் இந்தியா இல்லாததால் வேறு நாட்டுக் கணக்கு தொடங்கி, அந்த நாட்டு ப்ரீபெய்டு கோடு வாங்கிப் போட வேண்டியிருக்கும். சந்தாவில் வரும் பழைய விளையாட்டுகளுக்கு வாரம் ஒருமுறையாவது இணையம் வேண்டும்.

பழைய கேசட்டின் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. தன் பழைய கருவிகளான வீ யூ, 3டிஎஸ் இரண்டின் ஆன்லைன் கடைகளை நின்டெண்டோ 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. அமெரிக்காவில் வெளியான பழைய விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்கிட்டுச் சொன்னது. உங்கள் பரணில் இருக்கும் கேசட்டை யாரும் மூட முடியாது. ஆகவே ஸ்விட்சிலும் நீங்கள் திரும்பத் திரும்ப ஆடப்போகும் விளையாட்டுகளை டவுன்லோடாக வாங்காமல், கருவியில் செருகும் கேம் கார்டாகவே வாங்குங்கள். ஸ்விட்ச் கார்டுகளுக்குப் பெரும்பாலும் நாட்டுப் பூட்டு இல்லை, ஏறக்குறைய எந்த ஊர்க் கார்டும் ஓடும். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-க்கு விற்கும் சில கார்டுகளுக்குள் விளையாட்டே இருக்காது, டவுன்லோடு செய்வதற்கான அனுமதி மட்டும்தான் இருக்கும். அட்டைப் பெட்டியின் முன்பக்கத்தில் சாவிக் குறி இருந்தால் அந்த வகை.

கடைக்குப் போகும்போது, குறிப்பாகப் பழையதாக வாங்கினால், பணம் கொடுக்கும் முன் செட்டிங்ஸில் கண்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக் சோதனையைத் திறந்து பாருங்கள். கை வைக்காமலேயே புள்ளி நகர்ந்தால் அந்த ஜாய்-கானை மாற்றித் தரச் சொல்லுங்கள், இந்தக் கருவியில் அடிக்கடி வரும் கோளாறு அது. டிவியில் மாட்டும் டாக், சார்ஜர், எச்டிஎம்ஐ வயர் மூன்றும் பெட்டியில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பில்லில் சீரியல் நம்பரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக டிவியில் கேம் மோடைப் போடுங்கள்.