மறுமொழி: ‘பாரசைட்’ படத்தின் கத்திக்குத்துக்குக் காரணம் தெரியவில்லை

வணக்கம். போங் ஜூன்-ஹோவின் ‘பாரசைட்’ (2019) குறித்த கட்டுரைக்காக, ஓட்டுநர் கி-டேக் தன் முதலாளி பார்க்கைக் குத்துவதற்குப் போதிய காரணம் படத்தில் இல்லையே என்று கேட்டிருந்தீர்கள். பார்க்கின் மகன், சிறுவன் டா-சாங்கிடமிருந்து தொடங்குங்கள். ஒரே ஏழைக் குடும்பத்தினர் என்பதை மறைத்துப் பார்க் வீட்டில் வேலைக்குச் சேர்ந்த ஓட்டுநர் கி-டேக், பணிப்பெண்ணாக வந்த அவர் மனைவி, ஓவிய ஆசிரியையாக வந்த அவர் மகள் மூவர் மீதும் ஒரே வாடை வீசுவதை முதலில் கண்டுகொள்பவன் அவன்தான். ஆளுக்கொரு சோப்பு போடலாம் என்று கி-டேக் யோசிக்கும்போது, அது பாதி நிலத்துக்கடியில் இருக்கும் தங்கள் வீட்டின் வாடை, வீட்டை விட்டுப் போனால்தான் அதுவும் போகும் என்கிறாள் மகள். வேலைக்குச் சேரக் காட்டிய போலிச் சான்றிதழால் மறைக்க முடிந்த வறுமையை வாடை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிறகு, மேசைக்கடியில் ஒளிந்திருக்கும் கி-டேக்கின் காதுபடவே, சுரங்க ரயிலில் போகிறவர்களுக்கென்று ஒரு தனி வாடை உண்டு என்று பார்க் தம் மனைவியிடம் சொல்கிறார். நேருக்கு நேர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நீங்கள் தவறவிட்ட இடம் தோட்ட விருந்துதான். கார் சாவியை எடுக்கும்போது பார்க் மூக்கைப் பொத்துவது கி-டேக்கின் வாடைக்காக அன்று. சாவியின் மேல் விழுந்து கிடக்கும் குன்-சேயின் வாடைக்காக; பழைய பணிப்பெண்ணின் கணவனான அவன், பார்க் வீட்டு நிலவறையில் ஆண்டுக்கணக்கில் மறைந்து வாழ்ந்தவன். சற்றுமுன் தன் மகளைக் குத்தியவன் அவன் என்றபோதும், அவனுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கி-டேக் தனக்கே நேர்ந்ததாக உணர்கிறார்.