பம்பை இறக்கும் முன் டேங்க்கைத் திறந்து பாருங்கள்

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய பத்து வீல் லாரி, இன்லைன் பம்ப் (நாசில்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் பழைய வகை பம்ப்). சேலத்திலிருந்து பெங்களூருக்கு லோடு அடிக்கிறேன். சில மாதமாகத் தோப்பூர் மேட்டில் ஏறும்போது எடுப்பு குறைந்து, இன்ஜின் குலுங்கி நின்றுவிடுகிறது. ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்தால் (டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றினால்) ஸ்டார்ட் ஆகும். பத்து இருபது கிலோமீட்டர் போனதும் மறுபடி அதே கதை. டீசல் ஃபில்டர் இரண்டும் புதிது. டேங்க் நிறைய டீசல் இருக்கும்போது மட்டும் தொந்தரவு இல்லை. எங்கேயும் ஒரு சொட்டு ஒழுகலும் இல்லை. பம்பை இறக்கி சர்வீஸ் செய்யச் சொல்கிறார்கள். இறக்கலாமா? (சங்ககிரி வாசகர்)

பதில்: இறக்காதீர்கள். டீசல் பம்ப் டெஸ்ட் பெஞ்சில் வேலை பார்த்துப் பிழைப்பவன் நான். நீங்கள் பம்பை இறக்கினால் என் போன்றவர்களுக்குத்தான் வருமானம். அப்படியும் வேண்டாம் என்கிறேன். நின்று நின்று போகிறது என்று எங்களிடம் வரும் பம்புகளில் பல, பெஞ்சில் ஏற்றினால் ஒழுங்காகவே ஓடும். மாட்டிக்கொண்டு போனதும் வண்டி மறுபடி ரோட்டில் நிற்கும். பம்ப் தேய்ந்திருந்தால் கோளாறு வேறு மாதிரி இருக்கும். இழுவை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், சூடான இன்ஜினை நிறுத்திவிட்டு ஸ்டார்ட் செய்தால் எடுக்காது. ஏர் எடுத்தால் உடனே சரியாகிவிடுகிறது என்றால் காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத்தான் தேட வேண்டும்.

ஒழுகல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கோளாறில் ஒழுகல் இருக்காது. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்ப் (டீசலை இழுத்து பெரிய பம்புக்கு அனுப்பும் சின்ன பம்ப்) வரை டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. ஃபீட் பம்பைத் தாண்டியதும் தள்ளப்பட்டுப் போகிறது. தள்ளும் பக்கம் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசியும், அதில் புழுதி ஒட்டிக் கறுப்பாகத் தெரியும். உறிஞ்சும் பக்கம் ஓட்டை இருந்தால் வெளியே காய்ந்துதான் கிடக்கும், காற்று மட்டும் உள்ளே போகும். ஈரத்தைத் தேடுகிறவர் கண்ணில் இது படவே படாது.

டேங்க் நிறைந்திருந்தால் தொந்தரவு இல்லை என்ற ஒரு வரி போதும். எனக்கு முதல் சந்தேகம் டேங்க்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் மீது. அதன் நடுவில் விரிசலோ, துருப்பிடித்த ஊசித் துளையோ இருக்கலாம். டீசல் அந்தத் துளைக்கு மேல் நிற்கும்வரை துளை வழியாகவும் டீசல்தான் வரும், வித்தியாசம் தெரியாது. மட்டம் கீழே இறங்கியதும் அதே துளை காற்றை இழுக்கும். மேட்டில் டீசல் டேங்க்கின் பின்பக்கம் சாய்ந்துவிடுகிறது, இன்ஜினும் டீசலை அதிகமாகக் கேட்கிறது. அதனால்தான் சமதரையில் சமாளிக்கும் வண்டி தோப்பூரில் நிற்கிறது.

நிச்சயம் செய்துகொள்ள ஒரு வழி. டேங்க்கிலிருந்து ஃபீட் பம்புக்கு வரும் குழாயின் கடைசியில் ஓரடி நீளத்துக்குக் கண்ணாடி போலத் தெரியும் டீசல் ஹோஸை மாட்டி, கிளிப் இறுக்கி, இன்ஜினை நன்றாக ரேஸ் செய்யுங்கள். வரிசையாகக் குமிழி ஓடினால் காற்று அதற்கு முன்னாலேயே சேர்ந்துவிட்டது. அடுத்து, சுத்தமான கேனில் டீசல் ஊற்றி, ஃபீட் பம்பை நேரே அந்தக் கேனிலிருந்து இழுக்க விடுங்கள். சைலன்சர், டர்போ பக்கம் கேனைக் கொண்டுபோகாதீர்கள். குமிழி நின்றுவிட்டால் கோளாறு டேங்க்கிலோ வரும் குழாயிலோதான். கேனிலிருந்து இழுத்தும் ஏர் ஸ்குரூவைத் தளர்த்தினால் வெள்ளையாக நுரை வருகிறதென்றால், ஃபீட் பம்பின் ஹேண்ட் பம்பையும் அங்குள்ள வாஷர்களையும் பாருங்கள்.

அப்புறம் டேங்க்கின் மேலே இருக்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றுங்கள். அடிமுனையில் இருக்கும் வலையைத் துடைத்துவிட்டு, அந்த முனையை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கி, மேல்முனையில் மெதுவாகக் காற்று கொடுங்கள். துளை எங்கே என்று தண்ணீரே காட்டும். புதுக் குழாய் போடுவதுதான் நல்லது. பற்றவைத்தே ஆக வேண்டும் என்றால் குழாயை மட்டும் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். டேங்க் பக்கத்தில் வெல்டிங் கூடவே கூடாது. காலி டேங்க்கில் ஆவி நிற்கும், அது வெடித்தால் ஆள் தப்பமாட்டார்.

குழாய் நன்றாக இருந்தால் அடுத்து ரப்பர் ஹோஸ். வெளியே பளபளப்பாக இருந்தாலும் மடித்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். பேஞ்சோ போல்ட்டின் (குழாய் முனையைப் பிடிக்கும், உள்ளே துளையுள்ள போல்ட்) செப்பு வாஷர்களைக் கழற்றும்போதெல்லாம் புதிதாக மாற்றுங்கள். நசுங்கிக் கெட்டியான பழைய வாஷர் சரியாக அமராது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் வண்டி நிற்கும். நின்ற உடனே மூடியைத் திறந்தால் ‘புஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கும். ஆனால் அதற்கு டேங்க் நிறைந்திருக்கிறதா இல்லையா என்ற கணக்கு கிடையாது.

பம்பைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. உள்ளே ஏறி இறங்கும் பிளஞ்சர் தண்டுக்கும் அது ஓடும் பேரல் குழலுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு தலைமுடியின் பருமனில் சிறு பங்கு. புழுதியில் திறந்தால் நல்ல பம்பும் கெட்டுப்போகும்.

இன்னொன்று. மேட்டில் இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக் காற்றும் ஏறாது. மிதித்து மிதித்து இருக்கிற காற்றைத் தீர்த்துவிடாதீர்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, கிளீனர் சக்கரத்துக்குக் கட்டை வைத்த பிறகுதான் ஹேண்ட் பம்ப் பக்கமே போக வேண்டும்.

கேள்வி: போர்வெல் வண்டி வைத்திருக்கிறோம். வெளிமாநிலத்தில் காட்டுக்குள் வேலை, பேரலில் டீசல் வைத்து ஊற்றுகிறோம். மழைக்காலத்தில் ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்து இன்ஜின் நிற்கிறது. பங்கில் ஏமாற்றுகிறார்களா? (திருச்செங்கோடு வாசகர்)

பதில்: முதலில் பேரலைப் பாருங்கள். நிமிர்த்தி வைத்த பேரலின் மேல்தட்டில் விளிம்புக்குள் மழைநீர் தேங்கும். பகலில் சூடேறிய பேரல் ராத்திரி குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூடியின் திருகு வழியாக அந்தத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மூடி இறுக்கமாக இருந்தாலும் இது நடக்கும். பேரலைப் படுக்க வைத்து, இரண்டு மூடியும் ஒரே மட்டத்தில், டீசலுக்குக் கீழே இருக்கும்படி உருட்டி வையுங்கள். தார்ப்பாய் போட்டால் இன்னும் நல்லது. டீசல் எடுப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் அடியில் தங்கிவிடும். அடியில் நாலு விரல் உயரத்தை விட்டுவிட்டு எடுங்கள். தினம் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து, சுத்தமான டீசல் வரும்வரை விடுங்கள். இதையெல்லாம் செய்தும் தண்ணீர் வந்தால், பங்கில் பிடித்த டீசலைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்துப் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என்னுடையது பிஎஸ்-6 வண்டி. நின்றால் பழைய வண்டி மாதிரி நாசில் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுக்கலாமா? (தூத்துக்குடி வாசகர்)

பதில்: கூடவே கூடாது. பழைய வண்டியில் நாசில் 200 பார் சுமாருக்குத் திறக்கும். உங்கள் வண்டியின் காமன் ரெயிலில் (எல்லா நாசிலுக்கும் பொதுவான டீசல் குழாய்) அழுத்தம் 1,600 பாருக்கு மேலும் போகும். அந்த வேகத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தினது போலத்தான் தெரியும், வலிகூட உடனே இருக்காது. யாருக்காவது அப்படிப் பட்டால் கட்டுப் போட்டுவிட்டு வேலையைத் தொடரவிடாமல், அந்த நிமிஷமே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ‘டீசல் உள்ளே ஏறிவிட்டது’ என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தாமதித்தால் விரலையே எடுக்க வேண்டி வரலாம். உங்கள் வண்டியில் ஃபில்டர் மேல் இருக்கும் ஹேண்ட் பம்பை அது கெட்டியாகும்வரை அடித்துவிட்டு செல்ஃப் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எடுக்கவில்லை என்றால் ஸ்கேனர் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, ரெயில் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று கேளுங்கள்.