முயலின் வாலடியில் ஈ முட்டை: விடியும் வரை பொறுக்கலாமா?

வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார்: "மொட்டைமாடிக் கூண்டில் நான்கு வயது வெள்ளை முயல் வளர்க்கிறோம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பின்பக்கம் ஈரமாக இருக்கிறது, நாற்றமும் வருகிறது. இன்று மாலை வாலடி முடியில் ரவை போல ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அம்மா டர்பன்டைன் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைக்கச் சொல்கிறார். காலையில் மருத்துவரிடம் கொண்டுபோனால் போதுமா? குணமானபின் மாடியிலேயே வைத்திருக்கலாமா?"

காலை வரை பொறுக்கக் கூடாது. செய்தி கிடைத்த உடனே தொலைபேசியில் கூப்பிட்டு இதைத்தான் சொன்னேன். அவரும் தாமதிக்காமல் முயலைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார், அது பிழைத்துக்கொண்டது. அவசரத்தில் அவரிடம் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்த ரவை, ஈயின் முட்டை. கறிக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் பச்சையாக மின்னிக்கொண்டு வட்டமிடுமே, அந்த ஈதான் பெரும்பாலும் இதைச் செய்கிறது. சிறுநீரோ கழிச்சலோ பட்டு நாறும் முடியைத் தேடி வந்து, ஒரே தடவையில் நூற்றுக்கும் மேல் முட்டையிடும். மஞ்சள் கலந்த வெள்ளையில், முடியின் அடியில் பசை போட்டது போல ஒட்டியிருக்கும். விரலால் தட்டினால் உதிராது. ஒரு நாளுக்குள், நம் மதுரை வெயிலில் அதற்கும் முன்பே, பொரிந்துவிடும். பொரிந்த புழு தோலை அரித்து உள்ளே போகும். வெளியில் பார்த்தால் ஒரு ரூபாய்க் காசு அளவு புண்தான் இருக்கும். முடியை மழித்தபின் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சல்லடையாகிக் கிடந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இத்தனை நடந்தும் முயல் கத்தாது. வேட்டையாடப்படும் பிராணி என்பதால் வலியை மறைப்பது அதன் இயல்பு. மூலையில் குறுகி உட்கார்ந்திருக்கும். வெயிலுக்குச் சோர்ந்திருக்கிறது என்று நாம் நினைத்துக்கொள்வோம். புண்ணின் நச்சு ரத்தத்தில் கலந்து, உடல் அதிர்ச்சிக்குள்ளாகி, ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். அதனால்தான் ஓர் இரவைக்கூட விட்டுவைக்க மனம் வருவதில்லை.

உங்கள் அம்மா சொன்னது அனுபவத்திலிருந்து வந்த பேச்சு. மாட்டுப் புண்ணில் புழு வைத்துவிட்டால், டர்பன்டைனில் நனைத்த பஞ்சைத் திணிப்பது உசிலம்பட்டிப் பக்கமெல்லாம் காலம்காலமாக நடப்பதுதான். மாடு முந்நூறு கிலோ. உங்கள் முயல் இரண்டு, மூன்று கிலோ. அதன் தோல் மிக மெல்லியது, தடவியது எதுவானாலும் நக்கிவிடும். டர்பன்டைன், மண்ணெண்ணெய், அந்துருண்டைப் பொடி எதுவும் வேண்டாம். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தைத் தொடவே தொடாதீர்கள். ஃபிப்ரோனில் கலந்த மருந்து முயலின் உயிரையே வாங்கிவிடும்.

கிளம்புவதற்குள் நீங்கள் செய்யக்கூடியது கொஞ்சம்தான். முயலை வீட்டுக்குள் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியும் புழுக்களைச் சிறு இடுக்கியால் எடுங்கள். கத்தரிக்கோல் வைக்காதீர்கள், முடியோடு தோலும் வந்துவிடும். வாளித் தண்ணீரில் முக்கிக் குளிப்பாட்டவும் கூடாது. அதிர்ச்சியில் இருக்கும் முயல் குளிர்ந்துபோகும், ஈர முடி இன்னும் ஈயை அழைக்கும். காது சில்லென்றிருந்தால் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். தல்லாகுளத்தில் அரசு கால்நடை பன்முக மருத்துவமனை இருக்கிறது. நேரம் கடந்திருந்தால் தனியார் மருத்துவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். "முயலுக்குப் புழு வைத்துவிட்டது, அவசரம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவர் முடியை மழித்து, உள்ளே போன புழுக்களை எடுத்து, வலி மருந்தும் குளுக்கோஸும் கொடுப்பார். எடை பார்த்து, புழுவைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசியும் போடலாம். புழு ஆழமாகப் போய்விட்ட சில முயல்களுக்கு வலியில்லாமல் விடை கொடுப்பதே கருணை என்று அவர் சொல்லவும் நேரலாம். அப்படிச் சொன்னால் அவரைக் கோபிக்காதீர்கள்.

புழுவை எடுத்ததோடு வேலை முடியவில்லை. பின்பக்கம் ஏன் நனைந்தது என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த மாதமே திரும்ப வரும். முயல் இரண்டு வகையாகப் புழுக்கை போடும். கடினமான உருண்டையைத்தான் நாம் பார்க்கிறோம். மென்மையான இன்னொன்றை, குனிந்து ஆசனவாயிலிருந்தே வாயால் எடுத்துத் தின்றுவிடும். முயலுக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதி அதில்தான் இருக்கிறது. உடல் பருத்த முயலால் அங்கே எட்ட முடியாது. மூட்டு வலியோ பல் கோளாறோ உள்ள முயலும் அப்படியே விட்டுவிடும். அது முடியில் அப்பிக் காய்ந்து, ஈக்கு விருந்தாகும். நான் பார்க்கும் முயல்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தட்டில்தான் கிடக்கிறது: பிஸ்கட், ரொட்டி, வாழைப்பழம், வரம்பில்லாத பெல்லட் தீவனம். அருகம்புல், உலர்ந்த புல் இவைதான் வயிறு நிறைய வேண்டியது. பூ மார்க்கெட் பக்கம் போகிறவர்களிடம் சொன்னால் அருகம்புல் கட்டுக்குப் பஞ்சமில்லை. பழம் என்றால் ஒரு துண்டு போதும். சிறுநீரால் நனைகிறது என்றால் சிறுநீர்ப்பையையும் மூட்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

மாடியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். சித்திரை, வைகாசியில் மாடிக்கூண்டு வேண்டவே வேண்டாம். ஈயை விடுங்கள், வெயிலே கொன்றுவிடும். மற்ற மாதங்களில் நிழலும் காற்றும் இருந்தால் வைக்கலாம். கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டி, ஈரச் சாக்கைத் தினமும் மாற்றுங்கள். இங்கே ஈ இல்லாத மாதம் கிடையாது. ஆகவே காலையும் மாலையும் ஒருமுறை வாலடியைப் பார்த்துவிட வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் மிரண்டு உதைக்கும், அந்த உதையிலேயே முதுகெலும்பு முறிந்துபோகலாம். மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் பின்புறத்தைத் தாங்கி, மறு கையால் முன்னுடலை உங்கள் நெஞ்சோடு லேசாக உயர்த்துங்கள். இன்னொருவர் வாலைத் தூக்கி முடியை விலக்கிப் பார்க்கட்டும். இரண்டு நிமிட வேலை. புண் ஆறும் நாட்களில் இதையே மூன்று, நான்கு முறை செய்யுங்கள். மறைந்திருந்த ஒரு முட்டை பின்னால் பொரிவதுண்டு.