சனியின் வளையத்துக்கு ஸ்மார்ட் தொலைநோக்கி சரிவருமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தம்பி தை மாதம் ஊருக்கு வரும்போது சீஸ்டார் எஸ்50 என்ற ஸ்மார்ட் தொலைநோக்கியை வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். மகளுக்குச் சனியின் வளையத்தைப் பார்க்க ஆசை. எங்கள் வளவுக்குள் வைத்துப் பாவிக்கலாமா? கொடுக்கும் காசுக்குப் பெறுமதியா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: சனிக்காக மட்டும் என்றால் வேண்டாம். இதன் வில்லையின் விட்டம் 50 மில்லிமீற்றர், குவியத்தூரம் (வில்லையிலிருந்து படம் விழும் இடம்வரை உள்ள தூரம்) 250 மில்லிமீற்றர்தான். அது குறைவாக இருந்தால் படமும் சிறிதாகத்தான் விழும். எடுக்கும் படத்தில் சனி, வளையத்தோடு சேர்த்தே 20 பிக்சல் அகலம்கூட வராது. கண் வைத்துப் பார்க்கும் இடமும் இதில் இல்லை. எல்லாம் போன் திரையில்தான். சாதாரண 70 மில்லிமீற்றர் தொலைநோக்கியில் 50 மடங்கு உருப்பெருக்கத்திலேயே வளையம் தெரியும். மகள் அதைத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும்.

வானத்தைப் படமெடுக்கும் ஆசையும் அவளுக்கு இருந்தால் தாராளமாக வாங்கலாம். நல்லூரில் நண்பர் வீட்டு முற்றத்தில் இதை வைத்துப் பார்த்தேன். மட்டமாக நிறுத்தியதும் நட்சத்திரங்களைப் படமெடுத்து, தான் எங்கே பார்க்கிறது என்று தானே கணித்துக்கொள்கிறது. ஓரியன் நெபுலா என்ற விண்வெளி வாயு முகிலைத் தெரிவு செய்தோம். 10 விநாடிப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கச் சேர்க்க, முதலில் சாம்பல் புகையாக இருந்தது மெல்ல மெல்ல இளஞ்சிவப்பாக விரிந்தது. தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தபோதே இவ்வளவும்!

தம்பிக்கு ரொறன்ரோவில் கிடைக்காத ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். ஒமேகா சென்டோரி என்ற பெரிய நட்சத்திரக் கொத்து அங்கே அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. இங்கே சித்திரை, வைகாசி இரவுகளில் தெற்கே சுமார் 33 பாகை உயரத்துக்கு ஏறும். தெற்குப் பக்கம் தென்னையோ பனையோ மறைத்தால் மொட்டைமாடிக்குக் கொண்டுபோங்கள், எடை 2.5 கிலோதான்.

பூமி சுழலும் அச்சுக்கு இணையாக இருக்க, ஊரின் அகலாங்குக்கு ஏற்ப முக்காலியைச் சரித்து வைக்கும் முறையைச் சில வீடியோக்களில் காட்டுவார்கள். யாழ்ப்பாணம் 10 பாகைக்கும் குறைவான அகலாங்கில் இருப்பதால் கருவி ஏறக்குறையப் படுத்தேவிடும், சரிந்து விழவும் கூடும். நேராகவே வையுங்கள். தைப் பனியில் வில்லை ஈரமாகாமல் உள்ளே சூடேற்றி இருக்கிறது; அது பட்டரியைத் தின்னும், பவர்பாங்க் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். சூரியனைப் பார்க்கக் கூடவே வரும் வடிகட்டியைப் போடாமல் ஒருபோதும் திருப்ப வேண்டாம்.

தம்பி அதை அங்கேயே பெட்டி திறந்து, செயலியோடு இணைத்து, ஓரிரவு நிலவையும் நட்சத்திரங்களையும் எடுத்துப் பார்க்கட்டும். நட்சத்திரங்கள் கோடாக இழுபட்டால், திருப்பிக் கொடுக்கும் காலம் முடியுமுன் அவரே மாற்றிவிடலாம். இலங்கையில் பழுதானால் உத்தரவாதம் செல்லுமா என்பதையும் கடைக்காரரிடம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.