விற்காமல் நின்ற மலைச் சைக்கிள்

கேள்வி: பழைய சைக்கிள் கடையொன்றில், பல ஆண்டுகளாக விற்காமல் தங்கிய 26 அங்குல மலைச் சைக்கிளைப் புதியதென்றே விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: தாராளமாக வாங்கலாம், ஆனால் புது மாடலின் விலைக்கு வேண்டாம். 2010-களில் 29, 27.5 அங்குலச் சக்கரங்கள் பரவி, உயர்ரக மலைச் சைக்கிள்களிலிருந்து 26 அங்குலம் ஏறத்தாழ மறைந்துவிட்டாலும், அதற்கான டயரும் டியூபும் நம் ஊர்க் கடைகளில் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. ஓடாமல் நின்ற வண்டியில் முதலில் கெடுவது ரப்பர்தான். டயரின் பக்கவாட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். மயிரிழை வெடிப்புகள் தெரிந்தால் டயர், டியூப், பிரேக் கட்டை மூன்றையும் கடைக்காரரையே மாற்றித் தரச் சொல்லுங்கள். சக்கர அச்சுகளிலும் பெடல் அச்சிலும் கிரீஸ் இறுகியிருக்கக்கூடும் என்பதால், பிரித்துத் துடைத்துப் புதிதாக வைத்த பிறகே ஓட்டுங்கள். பழைய ஷாக் அப்சார்பருக்கு உதிரிபாகம் கிடைப்பது அரிது. ஆகவே அது இல்லாத, சாதாரண ஃபோர்க் கொண்ட இரும்பு பிரேம் வண்டியையே நான் பரிந்துரைப்பேன்.